நோலன் ரயனின் 292 தோல்விகள்

நோலன் ரயன், டான் சட்டன் இருவரும் 1966-ல் அமெரிக்க பேஸ்பாலின் உச்சத் தொடரான மேஜர் லீக்கில் அறிமுகமான பிட்சர்கள், அதாவது பந்து வீசுபவர்கள். இருவருமே தங்கள் பெயரில் எழுதப்பட்ட சரியாக 324 வெற்றிகளோடு ஓய்வு பெற்றார்கள். ஈஆர்ஏ, அதாவது 9 இன்னிங்ஸுக்கு பிட்சர் கணக்கில் ஏறும் ரன்களின் சராசரி, ரயனுக்கு 3.19, சட்டனுக்கு 3.26. குறைவாக ரன் கொடுத்தவர் ரயன் என்றுதான் தெரிகிறது. ஆனால் அவர் தோற்றது 292, சட்டன் தோற்றது 256.

வீசிய இன்னிங்ஸில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ரயன் 5,386, சட்டன் 5,282. கூடுதலான அந்த நூறு இன்னிங்ஸுக்கு ஐந்தாறு தோல்வியைக் கழித்துவிடலாம். மீதி முப்பது எங்கிருந்து வந்தது?

தோல்வி யார் பெயரில் எழுதப்படுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். எதிரணி ஒரு ரன் எடுத்து முன்னிலை பெற்று, அதைக் கடைசிவரை இழக்கவில்லை என்றால், அந்த ரன்னை எடுத்தவரை பேஸுக்கு (ஓடுபவர் நிற்கும் இடம்) அனுப்பிய பிட்சருக்கே தோல்வி. அவர் வெளியேறிய பிறகு வந்த ரிலீவர், அதாவது மாற்று பிட்சர், அடிவாங்கியிருந்தாலும் அப்படித்தான். ஸ்டார்ட்டர், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர், வெற்றி பெற 5 இன்னிங்ஸ் வீச வேண்டும். தோற்க அப்படி எந்த வரம்பும் இல்லை. ஃபீல்டர் தவறால் வந்த ரன் ஈஆர்ஏ-வில் சேராது, தோல்விக்கு மட்டும் சேரும். 1964-ல் ஹூஸ்டன் அணியின் கென் ஜான்சன் 9 இன்னிங்ஸும் ஒரு ஹிட்கூட (பேட்டர் பந்தை அடித்து பேஸ் சேர்வது) கொடுக்காமல் வீசி, ஃபீல்டிங் தவறுகளால் சின்சினாட்டியிடம் 1-0 என்று தோற்றது இந்த விதியின் உச்சம்.

ரயனின் புதிர் பெரும்பாலும் இங்கேதான் அவிழ்கிறது. ஈஆர்ஏ-வில் சேராத ரன்களையும் சேர்த்துக் கூட்டினால் 9 இன்னிங்ஸுக்கு ரயன் 3.64, சட்டன் 3.58. வரிசை தலைகீழாகிவிடுகிறது! ஹிட் கொடுப்பதில் ரயனைவிடக் கஞ்சன் வரலாற்றிலேயே இல்லை. ஆனால் அவர் கொடுத்த வாக் (தவறான நான்கு பந்துகளால் பேட்டருக்கு இலவசமாகக் கிடைக்கும் பேஸ்) 2,795, சட்டன் கொடுத்தது 1,343. ரயன் வீசும்போது எதிரணியினர் பேஸ் திருடியது (அடி விழாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்தது) 757 முறை, அதுவும் சாதனைதான். பேஸில் ஆள் நின்றுகொண்டே இருந்தால் ஒரு சின்னத் தவறும் ரன்னாகிவிடும். ஆகவே 'பாவம், மோசமான அணிகளில் மாட்டிக்கொண்டார்' என்ற வழக்கமான அனுதாபம் பாதி உண்மைதான்.

மறுபாதியும் உண்மைதான். 1987-ல் ஹூஸ்டனுக்காக 2.76 ஈஆர்ஏ, 270 ஸ்டிரைக்அவுட் (மூன்று ஸ்டிரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது) என இரண்டிலும் மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீக்கில் முதலிடம் பிடித்தார். கிடைத்ததோ 8 வெற்றி, 16 தோல்வி. அவர் வீசிய நாட்களில் பேட்டர்கள் கை கொடுக்கவில்லை.

அணியின் பங்கைப் பிரிக்க எளிய வழி ஒன்று உண்டு. அணியின் வெற்றி தோல்வியிலிருந்து பிட்சருடையதைக் கழித்துவிட்டு, மிச்சத்தோடு அவரை ஒப்பிடுவது. 1972 பிலடெல்பியா 59-97, அதாவது 59 வெற்றி, 97 தோல்வி. அதன் பிட்சர் ஸ்டீவ் கார்ல்டன் 27-10. அவரைக் கழித்தால் அணி 32-87, வெற்றி விகிதம் .269 மட்டுமே. 1979 அட்லாண்டா 66-94. ஃபில் நீக்ரோ 21-20, லீக்கில் அதிகம் வென்றவர்களில் ஒருவரும் அவர்தான், அதிகம் தோற்றவரும் அவர்தான். கழித்தால் .378, நீக்ரோ .512. எதிர்முனையில் 1971 பால்டிமோர் 101-57; ஜிம் பால்மரின் 20-9 போனாலும் மிஞ்சுவது .628. பால்மர் மொத்தமே 152 தோல்வியோடு முடித்ததில் இதற்குப் பங்கு உண்டு. ஒரே சீசனுக்கு இந்தக் கழித்தலை நம்ப வேண்டாம். 1987 ஹூஸ்டனில் ரயனைக் கழித்தால் அணி 68-70, அவர் .333, அந்த ஆண்டு அவர் மோசமாக வீசினார் என்று பொய்யாகக் காட்டும். பல ஆண்டுகளைச் சேர்த்தால்தான் ரன் ஆதரவின், அதாவது பிட்சருக்காக அணி எடுத்துத் தரும் ரன்களின், ஏற்றத்தாழ்வு சமனாகும்.

நீண்ட காலம் ஆடியவர்களை ஒப்பிட இன்னிங்ஸால் வகுப்பது மேல். ரயன் 18.4 இன்னிங்ஸுக்கு ஒருமுறை தோற்றார். நீக்ரோ 19.7, கேலார்ட் பெரி 20.2, சட்டன் 20.6, கார்ல்டன் 21.4, டாம் சீவர் 23.3, பால்மர் 26. சக ஜாம்பவான்களின் வரிசையில் ரயன் கடைசி, ஆனால் நீக்ரோவிடமிருந்து வெகு தூரத்தில் இல்லை.

இன்றைய பிட்சர்களை இந்த வரிசையில் வைத்துப் பயனில்லை. ஸ்டார்ட்டர் ஐந்தாறு இன்னிங்ஸில் இறங்கிவிடுவதால் நிறையத் தோல்விகள் ரிலீவர்களுக்குப் போகின்றன. ஒரே சீசனில் 20 தோல்வியைத் தொட்ட கடைசி ஆள் 2003 டெட்ராய்ட்டின் மைக் மரோத், 9-21.