தெரிந்தே நடந்தவை: ஒரு பயண நாட்குறிப்பு

ஏப்ரல் 8, 2024, கிகாலி

நேற்று ருவாண்டா இனப்படுகொலையின் முப்பதாம் ஆண்டு நினைவேந்தல். ஊர் முழுக்க வெளிநாட்டுச் செய்தியாளர்கள், நேரலை வண்டிகள், பல நாட்டுத் தலைவர்கள். அமெரிக்கக் குழுவுக்குத் தலைமை தாங்கி பில் கிளிண்டன் வந்திருந்தார். இத்தனை கேமராக்களில் பத்தில் ஒரு பங்காவது 1994 ஏப்ரலில் இங்கே இருந்திருந்தால் என்ற நினைப்பு நாள் முழுக்க என்னை விடவில்லை.

அந்த மாதம் ஆப்பிரிக்காவைக் கவனிக்கும் செய்தியாளர்களில் பெரும்பாலோர் தென்னாப்பிரிக்காவில் இருந்தார்கள். மண்டேலா வெல்லவிருந்த தேர்தல், போகத்தான் வேண்டும். ஆனால் ஒரு கண்டத்துக்கு ஒரு நேரத்தில் ஒரு செய்திதான் என்று யார் விதித்தது? இங்கே நூறு நாட்களில் சுமார் 8 லட்சம் பேர், பெரும்பாலும் சிறுபான்மைத் துட்சி இனத்தவர், ஹுட்டு தீவிரவாதிகளால் கொல்லப்பட்டார்கள். ஜூலையில் லட்சக்கணக்கானோர் எல்லை தாண்டி இன்றைய காங்கோவின் கோமா நகரில் குவிந்து, காலரா பரவிய பிறகுதான் கேமராக்கள் கூட்டமாக வந்தன. அந்த முகாம்களில் கொலைகாரர்களும் இருந்தார்கள். கொன்றவர் யார், தப்பியவர் யார் என்று பிரித்துச் சொல்லக்கூட அப்போது பலருக்குப் பொறுமை இருக்கவில்லை.

தகவல் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஐநா அமைதிப்படைத் தளபதி ரோமியோ டலேர், ஜனவரி 11ஆம் தேதியே நியூயார்க்குக்குத் தொலைநகல் அனுப்பினார். ஆயுதக் கிடங்குகள் பற்றியும், துட்சிகளை ஒழிக்கும் ஏற்பாடு பற்றியும் அதில் இருந்தது. கிடங்குகளைச் சோதனையிட அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. படுகொலை தொடங்கி இரண்டு வாரத்தில், ஏப்ரல் 21 அன்று, பாதுகாப்பு அவை அவருடைய படையைச் சுமார் 270 பேராகக் குறைக்க முடிவு செய்தது.

ஹுட்டு தீவிரவாதிகளின் ஆர்டிஎல்எம் வானொலி துட்சிகளைக் கரப்பான் பூச்சிகள் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அந்த அலைவரிசையை விமானத்திலிருந்து முடக்கலாமா என்று அமெரிக்காவில் யோசித்தார்கள். பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சுமார் 8,500 டாலர் ஆகும், பலனும் இருக்காது என்று மே மாதம் பென்டகன் குறிப்பு எழுதியது. அதோடு சரி. வானொலியை நடத்தியவர்களுக்கு 2003இல் சர்வதேசத் தீர்ப்பாயம் தண்டனை கொடுத்தது. கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எந்த நீதிமன்றத்திலும் நிற்கவில்லை.

ஏப்ரல் 24, சாவர்

முப்பதாம் ஆண்டு என்றால் விமானச் சீட்டு வாங்கித் தருவார்கள், பதினோராம் ஆண்டுக்குத் தரமாட்டார்கள். வேறு வேலையாக டாக்காவுக்கு வந்ததால்தான் இன்று ராணா பிளாசா இருந்த இடத்தில் நிற்க முடிந்தது. கட்டிடம் இருந்த இடம் வெற்று நிலம். மலர் வைத்துவிட்டுத் தொழிலாளர்கள் கோஷம் போட்டார்கள்.

2013 ஏப்ரல் 24 காலை, தையல் ஆலைகள் இருந்த அந்த எட்டு மாடிக் கட்டிடம் சரிந்து 1,134 பேர் இறந்தது உலகத்துக்குத் தெரியும். அதற்கு முந்தின நாளைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். ஏப்ரல் 23 அன்று கட்டிடத்தில் விரிசல் விட்டது. உள்ளூர்த் தொலைக்காட்சி ஒன்று அதைப் படம் பிடித்தது. கட்டிடத்தைக் காலி செய்தார்கள். கீழ்த்தளத்துக் கடைகள் மூடின, அங்கிருந்த வங்கிக் கிளையும் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. மேல்தளங்களில் தைத்துக்கொண்டிருந்தவர்களை மட்டும் மறுநாள் வரச் சொன்னார்கள். வராவிட்டால் சம்பளம் கிடையாது என்று மிரட்டல். ஒன்பது மணி ஆவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்தத் தொலைக்காட்சிச் செய்தியாளர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார். சரியான நாளில், சரியான இடத்தில், கண்ணுக்குத் தெரியும் ஆதாரத்தோடு. உண்மையை வெளியே கொண்டுவந்தால் போதும், மீதியை மக்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை உண்டு. இங்கே உண்மை வெளியே வந்தது. அதைக் கேட்டு வீட்டிலேயே இருந்துவிடும் வசதி வங்கி ஊழியருக்கு இருந்தது, தையல்காரிக்கு இல்லை. ஒரு மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுக்க முடியாதவருக்கு எச்சரிக்கையால் என்ன பயன்? அதனால் ஆபத்து இருக்கிறது என்று எழுதுவது பாதி வேலைதான். மறுக்கிற வலிமை யாருக்கு இருக்கிறது, யாரிடமிருந்து அது பறிக்கப்பட்டது என்பதையும் அதே செய்தியில் எழுத வேண்டும். தொழிற்சங்கம் பற்றிய செய்தியை வணிகப் பக்கத்தின் மூலையில் போடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இடிபாடுகளில் கிடைத்த துணி லேபிள்களை வைத்துத்தான் எந்தெந்த நிறுவனங்களுக்கு இங்கே தைத்தார்கள் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. 3 கோடி டாலர் இழப்பீட்டு நிதி நிறைய 2015 ஜூன் வரை ஆனது.

மகளின் படத்தோடு நின்ற ஓர் அம்மா, நான் பாயர் கம்பெனியிலிருந்து வருகிறேனா என்று கேட்டார். துணி வாங்கும் நிறுவனங்களை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். இல்லை, பத்திரிகை என்றதும், இதற்கு முன் வந்து பேசிப்போனவர்கள் என்ன எழுதினார்கள் என்று தெரியுமா என்றார். யாரும் அவருக்கு அனுப்பவில்லை. அவர் வாழ்க்கையில் நடந்த மிகப் பெரிய துயரத்தை யார் யாரோ படித்திருக்கிறார்கள், அவரால் படிக்க முடியவில்லை. நான் எழுதுவதை வங்காள மொழியில் பெயர்த்து அவருக்கு அனுப்ப என் உள்ளூர் உதவியாளரிடம் ஏற்பாடு செய்திருக்கிறேன்.

மே 21, கலமாதா

அகதிகள் படகு ஒன்று மூழ்கியதற்குக் காரணமான ஆள்கடத்தல்காரர்கள் என்று ஒன்பது எகிப்தியர்கள் மீது போட்ட வழக்கை இன்று கிரேக்க நீதிமன்றம் தள்ளிவிட்டது. படகு பன்னாட்டுக் கடற்பரப்பில் மூழ்கியதால் விசாரிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றது. அதைச் சொல்வதற்குள் அவர்கள் பதினோரு மாதம் சிறையில் இருந்துவிட்டார்கள்.

அட்ரியானா என்ற அந்த மீன்பிடிப் படகு லிபியாவின் டோப்ருக்கிலிருந்து இத்தாலி நோக்கிப் புறப்பட்டது. 2023 ஜூன் 14 அன்று கிரேக்கத்தின் பைலோஸுக்கு அப்பால் மூழ்கியது. ஏறியவர்கள் சுமார் 750 பேர், பிழைத்தவர்கள் 104 பேர். அவர்களில் ஒரு பெண்கூட இல்லை. முந்தின நாளே ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் காவல் அமைப்பான ஃபிரான்டெக்ஸின் விமானம் மேலிருந்து படகைப் படம் எடுத்திருந்தது. கிரேக்கக் கடலோரக் காவல்படை கயிறு கட்டி இழுத்ததால்தான் கவிழ்ந்தது என்று பிழைத்தவர்கள் சொல்கிறார்கள், காவல்படை மறுக்கிறது. இங்கேயும் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது.

நான்கே நாளில், மூழ்கிய டைட்டானிக் கப்பலைப் பார்க்கப் போன டைட்டன் நீர்மூழ்கி காணாமல் போனது. உள்ளே ஐந்து பேர், தலைக்கு 2,50,000 டாலர் பயணம். அமெரிக்கா, கனடா, பிரான்ஸ் எல்லாம் தேடின. தேடியது சரிதான், ஐந்து உயிர் என்றாலும் தேடத்தான் வேண்டும். இரண்டு கலங்களிலும் பாகிஸ்தானியர்கள் இருந்தார்கள் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். டைட்டனில் போன தந்தை, மகன் இருவரின் பெயரும் வயதும் எல்லாத் தொலைக்காட்சியிலும் வந்தன. அட்ரியானாவில் போன நூற்றுக்கணக்கான பாகிஸ்தானியர்கள் எண்ணிக்கையாக மட்டும் வந்தார்கள். அப்படியானால் நாடோ நிறமோ மட்டும் காரணம் இல்லை. சீட்டின் விலையையும் பார்க்கிறார்கள்.

ஜூன் 26, ஜெருசலேம்

ரகசிய ஆவணங்களை வெளியிட்ட விக்கிலீக்ஸ் தளத்தின் நிறுவனர் ஜூலியன் அசாஞ்சே இன்று அமெரிக்காவின் சைபன் தீவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுதலையானார். அவரைப் பற்றி ஆயிரம் கருத்து இருக்கலாம். 2007 ஜூலையில் பாக்தாதில் அமெரிக்க ஹெலிகாப்டர் சுட்டதில் ராய்ட்டர்ஸ் ஊழியர்கள் நமீர் நூர் எல்தீன், சயீத் ச்மாக் இருவரும் இறந்தார்கள். அந்தத் தாக்குதலின் காணொளியைச் சட்டப்படி கேட்டும் ராய்ட்டர்ஸுக்குக் கிடைக்கவில்லை, விக்கிலீக்ஸ்தான் வெளியிட்டது. விக்கிலீக்ஸுக்கு அதைக் கொடுத்த அமெரிக்க ராணுவ வீரர் செல்சி மேனிங்குக்கு, அவர் வெளியே கொடுத்த மற்ற ஆவணங்களுக்கும் சேர்த்து, 35 ஆண்டுத் தண்டனை. சுட்டவர்கள் மீது வழக்கே இல்லை.

இங்கே எங்கள் வேலை காத்திருப்பதுதான். கடந்த அக்டோபரிலிருந்து வெளிநாட்டுச் செய்தியாளர்கள் காசாவுக்குள் தாமாகப் போக முடியவில்லை, இஸ்ரேல் ராணுவம் அழைத்துப் போனால்தான் உண்டு. வெளிநாட்டுப் பத்திரிகையாளர் சங்கத்தின் மனுவை ஜனவரியில் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. மே 5 முதல் இஸ்ரேலில் அல் ஜசீராவும் மூடப்பட்டுவிட்டது. உள்ளே இருந்து எழுதுகிறவர்கள் பாலஸ்தீனச் செய்தியாளர்கள். அவர்களிலும் நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டுவிட்டார்கள். பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழு 1992இல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து செய்தியாளர்களுக்கு இவ்வளவு மோசமான போர் இல்லை. ஆனாலும் அவர்கள் அனுப்புவதன் அடியில் "சுயாதீனமாக உறுதிப்படுத்த முடியவில்லை" என்று சேர்க்கிறோம். உறுதிப்படுத்த விடாமல் வாசலை அடைத்தது யார் என்பதை அதே வரியில் எழுதுவதில்லை. சந்தேகம் செத்துக்கொண்டிருப்பவர்கள் மீது விழுகிறது.

இன்றைய செய்தி, காசாவில் இருக்கும் இரண்டு செய்தியாளர்கள் தொலைபேசியில் சொன்னது. அவர்கள் பெயரை மேலே போட்டு, தொகுத்தவர் என்று என் பெயரைக் கீழே போடச் சொன்னேன். பெயர் வந்தால் அவர்களுக்கு ஆபத்து இல்லையா என்று ஆசிரியர் குழு கேட்டது. நியாயமான கேள்வி. இருவரையும் கேட்டேன். ஒருவர் கட்டாயம் போடுங்கள் என்றார். மற்றவர், பிள்ளைகள் இருக்கிறார்கள், வேண்டாம் என்றார். அப்படியே அனுப்பிவிட்டேன். எனக்குத் தரும் அதே தொகையை இருவருக்கும் தர வேண்டும் என்று தனியாக எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே சொல்கிறேன்.