ஏரிக்குள் கிடந்த கூடை

இங்கிலாந்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. காலையில் பேத்தியைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தால் மாலை மூன்று மணி வரை எனக்கு வேலை கிடையாது. முப்பத்தெட்டு வருஷம் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சங்கு ஊதினால் உள்ளே, சங்கு ஊதினால் வெளியே என்று இருந்தவனுக்கு இது தண்டனை மாதிரி. குழாய், கதவுக் கீல், பேத்தியின் சைக்கிள் பிரேக் என்று கழற்றிப் பூட்ட ஒன்றும் மிச்சமில்லாமல் போன பிறகு மாப்பிள்ளை சொன்னார்: "மாமா, வேபிரிட்ஜ்ல ஒரு மியூசியம் இருக்கு. பழைய கார், ஏரோப்ளேன் எல்லாம் வச்சிருக்காங்க. உங்களுக்குப் பிடிக்கும்." முந்தின நாள்தான் வாஷிங் மெஷின் சத்தம் சரியில்லை, திறந்து பார்க்கட்டுமா என்று கேட்டிருந்தேன். அதனால் சொன்னாரோ என்னவோ.

அந்த இடத்தின் பெயர் புரூக்லண்ட்ஸ். 1907ல் கார் பந்தயத்துக்காகவே கட்டிய ஓடுதளம். வளைவில் கான்கிரீட் சுவர் மாதிரி சாய்ந்து நிற்கும், இப்போது பாசி பிடித்துக் கிடக்கிறது. அதன் நடுவிலேயே விக்கர்ஸ் கம்பெனியின் விமானத் தொழிற்சாலை இருந்தது. வருகிற ஜனம் முழுக்க கான்கார்டு விமானத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறது. நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன், வீட்டில் காட்ட வேண்டும் இல்லையா. அப்புறம் கூட்டம் இல்லாத பக்கமாக நடந்தேன். அங்கேதான் அது நின்றது.

முதலில் அதை விமானம் என்று மனசு ஒப்பவில்லை. இறக்கைக்கு இறக்கை 86 அடி இருக்கும். ஆனால் தகடு எதுவும் இல்லை. உடம்பு முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து ஓடும் அலுமினியப் பட்டைகள், சாய்சதுரக் கண்கண்ணாக. சின்ன வயதில் எங்கள் ஊரில் கூண்டு வண்டி உண்டு. அதன் கூண்டுக்கு மூங்கில் பிளாச்சை வளைத்துக் கட்டி, மேலே பாய் போர்த்துவதற்கு முன்னால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது. நம் ஊர்க் கூடை முடைகிறவர் பார்த்தால் உடனே கண்டுகொள்வார். ஒரு பட்டை வலப்பக்கமாகச் சுற்றி ஏறுகிறது, இன்னொன்று இடப்பக்கமாக. ஒன்று இழுபட்டால் மற்றது அமுங்கும். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். நாலு கண் அறுந்தாலும் கூடை கூடையாகவே நிற்கும்.

இந்த முறையை யோசித்தவர் பார்ன்ஸ் வாலிஸ். அதற்கு முன்னால் ஆர்100 என்ற ஆகாயக் கப்பலை வடிவமைத்தவர். அந்த அனுபவத்தை விமானத்துக்குக் கொண்டுவந்தார். விமானத்தின் பெயர் வெலிங்டன். குன்னூர் பக்கத்தில் ராணுவக் கல்லூரி இருக்கிற ஊருக்கும் அதே பிரபுவின் பெயர்தான். முதல் வெலிங்டன் பறந்தது 1936 ஜூன் 15. மொத்தம் 11,461 செய்தார்கள், அதில் 2,515 இந்த வேபிரிட்ஜில். 1943ல் வேல்ஸில் உள்ள பிராட்டன் தொழிற்சாலையில் முதல் பாகத்தை வைத்ததிலிருந்து ஒரு நாளைக்குள் ஒரு விமானத்தைக் கட்டிமுடித்து சாதனை படைத்திருக்கிறார்கள். பட்டைகளின் மேல் லினன் துணியைப் போர்த்தி, டோப் என்ற பசையைப் பூசினால் அது காய்ந்து மேளத்தோல் மாதிரி விறைத்துவிடும். குண்டுவீச்சு விமானத்துக்குத் துணிச் சட்டை!

பதினோராயிரத்தில் இன்று முழுசாக மிஞ்சியது இரண்டே இரண்டு. ஒன்று அவர்களுடைய விமானப்படை மியூசியத்தின் வசம் இருக்கிறது. இன்னொன்றுதான் என் முன்னால் நின்றது. எண் என்2980, செல்லமாக 'ஆர் ஃபார் ராபர்ட்'. இதன் கதைதான் கதை.

போர் ஆரம்பித்த 1939ல் இங்கேயே கட்டியது. அந்த டிசம்பர் 18ந் தேதி ஜெர்மனியின் ஹெலிகோலாண்ட் கடல் பக்கம் எதிரிக் கப்பல்களை வேட்டையாட 24 வெலிங்டன்கள் கிளம்பின. பாதி வழியில் இரண்டு திரும்பிவிட்டன. போன 22ல் 12 தொலைந்தன. பட்டப்பகலில், துணைக்குப் போர் விமானம் இல்லாமல், குண்டுவீச்சு விமானத்தை அனுப்பக்கூடாது என்பதை ஆங்கிலேயர்கள் அன்றைக்கு ரத்தம் சிந்திக் கற்றுக்கொண்டார்கள். ராபர்ட் திரும்பி வந்தது. சண்டைக்குத் தப்பிய அந்த விமானம் கடைசியில் விழுந்தது ஒரு பயிற்சிப் பறத்தலில். 1940 டிசம்பர் 31, ஸ்காட்லாந்து மலைமேல் பனிப்புயல், வலப்பக்க எஞ்சின் நின்றுவிட்டது. பைலட் மார்வுட்-எல்ட்டன், மற்றவர்களைப் பாராசூட்டில் குதிக்கச் சொன்னார். பின்பக்கத் துப்பாக்கி வீரர் ஃபென்சமின் பாராசூட் சிக்கிக்கொண்டு அவர் இறந்துபோனார். பைலட்டும் துணை பைலட்டும் மேகத்தின் இடைவெளியில் நீண்ட ஏரி ஒன்றைப் பார்த்து, விமானத்தைத் தண்ணீரில் இறக்கி, ரப்பர் படகில் கரை சேர்ந்தார்கள். அது லாக் நெஸ். ஆமாம், அந்தப் பூதம் இருப்பதாகச் சொல்கிற ஏரியேதான்.

விமானம் 230 அடி ஆழத்துக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. 1976ல் பூதத்தைத் தேடி சோனார் கருவியோடு வந்த அமெரிக்கர்கள் கண்ணில் இது பட்டது. பூதம் கிடைக்கவில்லை, ஏரோப்ளேன் கிடைத்தது! முதலில் கேட்டலினா என்ற கடல் விமானம் என்றுதான் நினைத்திருக்கிறார்கள். ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்து ராபின் ஹோம்ஸ் குழுவினர்தான் வெலிங்டன் என்று கண்டுபிடித்து, வெளியே எடுக்க வேண்டும் என்று விடாமல் பின்னால் நின்றார்கள். 1985ல் முதல் முயற்சியில் தூக்கும் சட்டம் சேதமாகிவிட்டது. வேறு சட்டம் செய்துகொண்டு வந்து, செப்டம்பர் 21ந் தேதி மேலே எடுத்தார்கள். நாற்பத்தைந்து வருஷம் தண்ணீருக்குள் இருந்த வால் விளக்குக்கு பேட்டரி இணைப்புக் கொடுத்தார்களாம். எரிந்தது.

இது எப்படி என்று யோசித்துக்கொண்டே நின்றேன். நல்ல தண்ணீர், அதுவும் ஐஸ் மாதிரி குளிர்ந்த தண்ணீர். அதுதான் காரணம். கடலாக இருந்தால் வேறு கதை. 2013ல் இங்கிலீஷ் கால்வாயின் குட்வின் மணல்திட்டிலிருந்து ஜெர்மன் டோர்னியர் விமானம் ஒன்றை எடுத்தார்கள். அதன் மேல் மாதக்கணக்கில் சிட்ரிக் அமிலக் கரைசலைத் தெளித்துக்கொண்டே இருந்தார்கள், உப்பைக் கழுவ. அதைப் புதுசு மாதிரி திரும்பக் கட்டப்போவதில்லை, கிடைத்த நிலையிலேயே காப்பாற்றுவோம் என்று முடிவு. இன்னொரு பக்கம் யார்க்‌ஷயரில் ஹேலிஃபாக்ஸ் என்ற குண்டுவீச்சு விமானம் ஒன்று. தீவு ஒன்றில் விவசாயி கோழிக் கூண்டாக வைத்திருந்த உடல் துண்டை எடுத்து, ஹேஸ்டிங்ஸ் என்ற வேறு விமானத்தின் இறக்கையை மாட்டி, மீதியைச் செய்து சேர்த்து, 1996 செப்டம்பர் 13, வெள்ளிக்கிழமை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். கைப்பிடியும் மாற்றி வெட்டும் முனையும் மாற்றினால் அது தாத்தாவின் அரிவாளா என்று கேட்பார்களே, அந்தக் கேள்விதான். எனக்கு இதில் சங்கடம் ஒன்றுமில்லை. நீலகிரி மலை ரயிலுக்கு எண்ணெயில் ஓடும் எக்ஸ் கிளாஸ் நீராவி எஞ்சின்களைப் பொன்மலையில் புதிதாகவே செய்தோம். 2011ல் முதலாவது போனது. அதைப் பார்த்து இது பழசா புதுசா என்று மேட்டுப்பாளையத்தில் யாரும் கேட்டதில்லை. மலை ஏறுகிறதா என்றுதான் கேட்டார்கள்.

ஆனால் செய்கிறவனுக்கு ஒரு கஷ்டம் தெரியும். வரைபடம் எல்லாவற்றையும் சொல்லாது. எந்த பாகத்தை முதலில் பொருத்த வேண்டும், எந்தக் கோணத்தில் சுத்தியல் உள்ளே போகும், எங்கே கொஞ்சம் விட்டுப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் ஆள் வாயில்தான் இருக்கும். ஆள் போய்விட்டால் பழைய பாகத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். இந்த வெலிங்டனைத் திரும்பக் கட்ட வந்த தன்னார்வலர்களில் போர்க்காலத்தில் விக்கர்ஸில் வேலை பார்த்த பெரியவர்களே இருந்திருக்கிறார்கள். அது அதிர்ஷ்டம். முன்பகுதி மோசமாகச் சிதைந்திருந்தது. ஒவ்வொரு பட்டைக்கும் வளைவு வேறு வேறு. ஒன்றைப் பார்த்து இன்னொன்றை வெட்டிப் போட முடியாது.

அன்றைக்கு அங்கே ஒரு தன்னார்வலர் இருந்தார். என் வயதோ, இரண்டொன்று கூடவோ. நீலக் கோட்டு, பையில் இரண்டு பென்சில். நான் பட்டைகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளின் வரிசையை விட்டு நகராமல் நிற்பதைப் பார்த்து வந்துவிட்டார். என் இங்கிலீஷ் ஒர்க்‌ஷாப் இங்கிலீஷ். "ஹோல்டர்-அப் யார், உள்ளேயா வெளியேயா?" என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. அதற்கப்புறம் மொழி ஒரு பிரச்சினையாக இல்லை.

தெரியாதவர்களுக்காக: ரிவெட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவன் அடிப்பான். இன்னொருவன் மறுபக்கம் டாலி என்ற கனத்த இரும்பைத் தாங்கிப் பிடிப்பான். அடிக்கிறவனைத்தான் ஊர் பார்க்கும். பிடிக்கிறவன் ஒரு நூல் அசைந்தால் தலை ஒருபக்கம் சாயும். நான் 1978ல் சேர்ந்தபோது முதல் எட்டு மாதம் பிடிக்கிற வேலைதான். பாய்லருக்குள் உட்கார்ந்து பிடித்ததில் இடது காது அப்போதே போய்விட்டது. எங்களுடையது பழுக்கக் காய்ச்சிய எஃகு ரிவெட். இவர்களுடையது டுராலுமின். அது வேறு ஜாதி. சுமார் 500 டிகிரிக்குச் சூடாக்கிச் சட்டென்று தண்ணீரில் போட்டால் கொஞ்ச நேரம் மெழுகு மாதிரி மசியும், இரண்டு மணி நேரத்துக்குள் அடித்துவிட வேண்டும். விட்டால் தானாகவே இறுகிவிடும். உடனே அடிக்கப்போவதில்லை என்றால் ஐஸில் போட்டு வைப்பார்கள். இரும்பைச் சூட்டில் அடித்தவனுக்கு, ஐஸிலிருந்து எடுத்து அடிப்பது வினோதமாக இருந்தது.

அவர் ஒரு இடத்தை விரலால் காட்டினார். பட்டைகள் சந்திக்கும் முடிச்சு. அங்கே வரிசையாக ரிவெட் தலைகள். ஏழு ஒரே மாதிரி, எட்டாவது மட்டும் கொஞ்சம் தட்டை. "அவசரம்," என்றேன். "இல்லை, சாப்பாட்டு மணி," என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். யாரோ ஒரு பையன், இல்லை பெண்ணாகவும் இருக்கலாம், போர்க்காலத்தில் அந்த வேலைக்குப் பெண்கள் நிறைய வந்தார்கள். மணி அடித்துவிட்டதே என்று கடைசி ரிவெட்டை ஒரு அடி கூடுதலாகப் போட்டிருக்கிறது. அந்தத் தொழிற்சாலைமேல் 1940 செப்டம்பர் 4ந் தேதி குண்டு விழுந்து எண்பது பேருக்கு மேல் செத்தார்கள். அதுவும் மதியச் சாப்பாட்டு நேரத்தை ஒட்டித்தான். இதை அவர் சொன்ன பிறகு நாங்கள் சிரிக்கவில்லை.

நானும் எங்கள் பக்கத்துக் கதை ஒன்றைச் சொன்னேன். சிங்கப்பூர், ஜாவா பக்கம் ஜப்பான்காரனிடம் விமானத்தையெல்லாம் இழந்த ஆங்கிலேய விமானப்படையின் 36வது படைப்பிரிவை 1942 அக்டோபரில் திரும்பச் சேர்த்துக் கட்டிய இடம் தஞ்சாவூர். அவர்களுக்குக் கொடுத்தது வெலிங்டன். வங்கக் கடலுக்கு மேலே ரோந்து போக. புதுக்கோட்டை ரோட்டில் இன்றைக்கு விமானப்படை இருக்கும் அதே ஓடுதளம். அப்பாவுக்கு அப்போது பத்து வயது. சாயங்காலம் இரண்டு எஞ்சின் உறுமல் கேட்டால் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொள்ளும் என்பார். அது என்ன விமானம் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பல வருஷம் கழித்துப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். "துணி போர்த்திய விமானம் தஞ்சாவூர் வெயிலில் என்ன பாடுபட்டிருக்கும்!" என்றார் அவர். எனக்கும் அதே கவலைதான்.

அப்புறம் அவர் என்னைப் பின்னால் இருந்த மேசைக்கு அழைத்துப் போனார். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட வைத்திருக்கும் பழகுதுண்டு ஒன்று வைஸில் இருந்தது. இரண்டு அலுமினியப் பட்டை, நடுவில் துளை. மெத்து அலுமினிய ரிவெட், அதனால் ஐஸெல்லாம் வேண்டாம். சுத்தியலை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. டாலியைக் காட்டினேன். அவர் அடித்தார், நான் பிடித்தேன்.

நாலே அடி. கை கொஞ்சம் நடுங்கிவிட்டது, வயதாகிவிட்டதல்லவா. எடுத்துப் பார்த்தால் தலை ஒரு மயிரிழை வலப்பக்கம் சாய்ந்திருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அது தெரியாது. அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டு பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் டிரில்லை எடுத்து என் ரிவெட்டைத் துளைத்து வெளியே தட்டிவிட்டு, புதிதாக ஒன்றைத் துளையில் வைத்தார்.

இந்தத் தடவை முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு பிடித்தேன்.