பசுந்தேயிலை என்றால் கிரீன் டீ அல்ல

கோத்தகிரிக்கு அருகிலுள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் கடிதப் போக்குவரத்தைக் கவனித்து வந்தேன். சிறு விவசாயிகளிடம் கொழுந்தை விலைக்கு வாங்கி, தூளாக்கி, குன்னூர் ஏலத்துக்கு அனுப்பும் தொழிற்சாலை அது. கொழுந்து கொண்டுவருபவர்களிடம் தமிழிலும் படுக மொழியிலும் பேசுவோம். ஏலத் தரகர், வங்கி, லாரி நிறுவனம், வெளிமாநில வியாபாரி ஆகியோருக்கு எழுதுவதெல்லாம் ஆங்கிலத்தில்தான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து, தட்டச்சில் ஹையர் தேறிய தகுதியோடு அந்த நாற்காலியில் அமர்ந்தவன் நான். ஆங்கில இலக்கணம் ஓரளவு தெரியும். எந்தச் சொல் எங்கே நிற்கும் என்பதுதான் தெரியாது. அதைப் பிழை செய்து செய்துதான் கற்றுக்கொண்டேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், வடமாநில வியாபாரி ஒருவர் எங்கள் தொழிற்சாலையைப் பற்றி விவரம் கேட்டு எழுதியிருந்தார். நாளொன்றுக்கு எங்களுக்கு வரும் பசுந்தேயிலை, அதாவது பறித்த பச்சைக் கொழுந்து, எவ்வளவு, அதற்கு விவசாயிகளுக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நம்மேல் நம்பிக்கை வரும் என்று எண்ணிப் பதிலைத் தயாரித்தேன். பசுமை என்றால் கிரீன், தேயிலை என்றால் டீ. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கடிதம் முழுவதும் 'கிரீன் டீ' என்றே எழுதிவிட்டேன். பத்து நாளில் மகிழ்ச்சி பொங்க அவரிடமிருந்து பதில் வந்தது. அந்த விலைக்குக் கிரீன் டீ கிடைக்குமானால் மாதந்தோறும் ஐந்து டன் எடுத்துக்கொள்வதாகவும், உடனே மாதிரி அனுப்பும்படியும் எழுதியிருந்தார்.

கிரீன் டீ என்பது, பறித்த கொழுந்தை விரைவிலேயே சூடேற்றி, அது நிறம் மாறாதபடி தடுத்துப் பதப்படுத்திய தூள். அதை நாங்கள் தயாரித்ததே இல்லை. செடியிலிருந்து வந்த பச்சைக் கொழுந்துக்கு இந்தத் தொழிலில் 'கிரீன் லீஃப்' என்று பெயர்; ஆலையை விட்டு வெளியே போகும் சரக்கு 'மேட் டீ'. ஏறக்குறைய நாலு, நாலரைக் கிலோ கிரீன் லீஃப் சேர்ந்தால்தான் ஒரு கிலோ மேட் டீ கிடைக்கும். ஆகவே நான் எழுதிய விலையைப் பார்த்த அவருக்கு அது மலிவாகத் தெரிந்ததில் வியப்பில்லை. நாங்கள் விளக்கம் எழுதியபோது, சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்குவதாக நினைத்துக்கொண்டு அவர் தொடர்பையே முறித்துக்கொண்டார்.

எங்கள் பெரிய கிளார்க் என்னைத் திட்டவில்லை. கையைப் பிடித்து ஆலைக்குள் அழைத்துப்போய், என் ஒரு உள்ளங்கையில் கொஞ்சம் கொழுந்தையும் மறு உள்ளங்கையில் ஒரு பிடித் தூளையும் வைத்தார். "தம்பி, இது லீஃப், இது டீ. நடுவிலே ஒரு நாள் வேலை இருக்கு. நீ அந்த ஒரு நாளையே கடுதாசியிலே காணாம ஆக்கிட்டே" என்றார்.

அன்றிலிருந்து ஒரு நீள நோட்டில் இப்படிக் குழப்பிய சொற்களை எழுதிவைக்கத் தொடங்கினேன். பள்ளியில் தமிழ் ஐயா மயங்கொலிச் சொற்கள் என்று விலை, விளை, விழை ஆகியவற்றை எழுதச் சொல்லுவார் அல்லவா? ஆங்கிலத்தில் குழப்பும் சொற்களும் அவ்வகைதான் என்றே முதலில் நினைத்தேன். நோட்டு நிறைய நிறைய, அவை இரு வகை என்பது புரிந்தது. ஒன்று, ஒலியால் மயக்குபவை. மற்றொன்று, நம் தமிழ்ச் சொல்லே மயக்குபவை. அதாவது ஆங்கிலத்தில் இரண்டாக நிற்பதைத் தமிழில் ஒரே சொல்லால் சொல்லிப் பழகியதால் வருபவை. முதல் வகைப் பிழைக்குச் சிரிப்பார்கள். இரண்டாம் வகைப் பிழைக்கு வியாபாரம் போகும்.

ஒலியால் மயக்குபவற்றில் எங்கள் ஆலைக்கே உரிய ஒன்று உண்டு. பறித்த கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் நீர்தான். அதில் ஒரு பகுதியை ஆற்றுவதற்காகக் கொழுந்தை நீண்ட தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றைச் செலுத்தி, பல மணி நேரம் வாட விடுவார்கள். இந்த வாடலுக்கு ஆங்கிலத்தில் 'விதர்' என்று பெயர். வானிலையோ 'வெதர்'. கோயம்புத்தூரில் இருந்த முதலாளிக்கு நாள்தோறும் அனுப்பும் அறிக்கையில், ஆலையில் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர் கையால் எழுதிக் கொடுத்த 'விதர் சரியில்லை' என்ற வரியை நான் 'வெதர் சரியில்லை' என்று தட்டச்சு செய்து வந்தேன். வடகிழக்குப் பருவமழைக் காலம் அது. கோத்தகிரிப் பக்கம் மழை விடாமல் பெய்துகொண்டிருந்ததால் முதலாளிக்கு ஐயமே எழவில்லை. ஒரு வாரம் முழுவதும் வானத்தையே குறை கூறிக்கொண்டிருந்தார். தொட்டியின் விசிறி ஒன்று பழுதாகிக் கிடந்தது பிறகுதான் வெளியே வந்தது. பின்னாளில் ஆங்கில அகராதியில் தேடியபோது, விதர் என்ற சொல்லே வெதர் என்பதன் திரிபாகத்தான் தோன்றியிருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. வெயிலும் காற்றும் படும்படி விட்டால் வாடத்தானே செய்யும்! இதில் மூன்றாவதாக ஒரு 'வெதர்' வேறு இருக்கிறது: 'வருவாரா மாட்டாரா' என்பதில் உள்ள 'ஆ' என்ற ஐயப் பொருளைத் தருவது, டபிள்யூவை அடுத்து எச் வருவது. தமிழ் எழுத்தில் வானிலையும் அதுவும் ஒன்றுபோலவே இருப்பதால், எழுத்துகளைக் கண்ணால் பார்த்துப் பழகுவதைத் தவிர வேறு வழியில்லை.

'பிரின்சிபல்' என்பதும் 'பிரின்சிபிள்' என்பதும் என்னை வங்கி மேலாளர் முன் நாணவைத்தவை. கடனின் அசலை நாலு தவணையில் திருப்பிச் செலுத்துவதாக எழுத நினைத்து, எங்கள் கொள்கையை நாலு தவணையில் திருப்பிக் கொடுத்துவிடுவதாக எழுதியிருந்தேன். அவர் படித்துவிட்டு, "வட்டி எதற்கு சார், கொள்கையே வந்தால் போதும்" என்றார். இந்த இரண்டைப் பிரிக்கத் தமிழே வழிகாட்டும் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. பள்ளி முதல்வர் பிரின்சிபல், கடனின் முதலும் பிரின்சிபல். முதல் என்ற பொருள் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் ஏ, எல் என்று முடியும் சொல். கொள்கை, நெறி, அடிப்படை விதி என்றால் எல், இ என்று முடியும் சொல்.

தாள், பேனா, உறை ஆகியவற்றைக் குறிக்கும் 'ஸ்டேஷனரி'யையும், அசையாமல் நிற்பதைக் குறிக்கும் 'ஸ்டேஷனரி'யையும் கடைசிப் பகுதியில் உள்ள இ, ஏ என்ற ஓரெழுத்துதான் பிரிக்கிறது. என்வலப் இ-யில் தொடங்குகிறது, எழுதுபொருளுக்கும் இ என்று நினைவில் வைத்துக்கொள்வதே எளிது. எங்கள் அலமாரியில் பல ஆண்டுகள் ஏ எழுத்தோடுதான் சீட்டு ஒட்டியிருந்தது. அலமாரி அசையாமல் நிற்பது உண்மைதானே என்று நானும் மாற்றவில்லை. இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பது கூடுதல் சுவை. பழைய ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சுற்றாமல் ஓரிடத்தில் நிலையாகக் கடை வைத்துப் புத்தகமும் தாளும் விற்றவருக்கு வந்த பெயர்தான் பிறகு அவர் விற்ற பொருளுக்கும் ஆனது.

'அஃபெக்ட்', 'எஃபெக்ட்' என்ற இரட்டையரைப் பற்றிப் பலரும் அஞ்சுகிறார்கள், தேவையில்லை. டிசம்பர், ஜனவரியில் இங்கே உறைபனி விழுந்து கொழுந்து கருகும். உறைபனி கொழுந்தைப் பாதித்தது என்னும் வினைக்கு அஃபெக்ட், அதன் பாதிப்பு என்னும் பெயருக்கு எஃபெக்ட். இன்ன தேதி முதல் நடைமுறைக்கு வருகிறது என்று சுற்றறிக்கையில் எழுதும்போதும் எஃபெக்ட்தான். வங்கிக்காரர்கள் பணம் செலுத்துவதை நிறைவேற்றுவதற்கு எஃபெக்டையே வினையாகவும் எழுதுவார்கள். அந்த ஒன்றைத் தனியாக நினைவில் வைத்தால் போதும். 'அட்வைஸ்' என்ற சொல்லிலும் இதே வினை, பெயர்ப் பிரிவுதான். அறிவுரை என்னும் பெயருக்கு சி, அறிவுறுத்து என்னும் வினைக்கு எஸ். ஆங்கிலேயர் வினையைச் சொல்லும்போது ஒலியை இஸட்டாக்குவார்கள்; நம் எழுத்தில் அந்த ஒலி இல்லாததால் நம் காது அதைப் பிரிப்பதில்லை. 'பிராக்டிஸ்' என்பதிலும் பிரிட்டிஷ் வழக்கு இப்படியே சி, எஸ் என்று பிரிக்கும், ஒலி மட்டும் மாறாது. அமெரிக்கர்கள் இரண்டுக்கும் சி-யையே எழுதுவார்கள். கணினியில் எந்த நாட்டு ஆங்கிலத்தை வைத்திருக்கிறோம் என்று பார்க்காமல் பிழை என்று அது அடியில் போடும் சிவப்புக் கோடுகளை நம்பி இதில் ஏமாந்தவர்கள் உண்டு. 'லூஸ்' பற்றி ஒரு வரி போதும்: இழப்பதற்கு ஒரு ஓ, தளர்வுக்கும் சில்லறைத் தூளுக்கும் இரண்டு ஓ.

இரண்டாம் வகைக்கு வருகிறேன். சந்தேகம் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் கை உயர்த்திக் கேட்பதும் சந்தேகம், ஒருவரை நம்பாததும் சந்தேகம். அதனால் விளக்கம் கேட்கும் இடத்திலெல்லாம் 'டவுட்' என்று எழுதிவிடுகிறோம். நம் நாட்டு அலுவலகங்களுக்குள் அது செல்லும். வெளிநாட்டு வாங்குநர் ஒருவருக்கு, உங்கள் ஆர்டரைப் பற்றி எங்களுக்கு டவுட் இருக்கிறது என்று நான் எழுதியபோது, தம் நாணயத்தையே ஐயுறுவதாக எண்ணி வருந்தி எழுதினார். நான் கேட்டதோ மூட்டையின் எடை இருபத்தைந்து கிலோவா முப்பதா என்பதைத்தான். 'கொஸ்டின்' என்றோ 'கிளாரிஃபிகேஷன்' என்றோ எழுதியிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும். கடனும் இப்படித்தான். வாங்கினாலும் கடன், கொடுத்தாலும் கடன். ஆங்கிலத்தில் வாங்குவது 'பாரோ', கொடுப்பது 'லெண்ட்'. எங்களுக்கு ஒரு எடைக்கல்லைக் கடன் தாருங்கள் என்று பக்கத்து ஆலைக்கு எழுதப் போய், நாங்கள் தருகிறோம் என்று பொருள்பட எழுதியதும் நோட்டில் இருக்கிறது.

நேர்மாறாக, தமிழ் தெளிவாகப் பிரிப்பதை ஆங்கிலத்தில் நாமே குழப்புவதும் உண்டு. வெள்ளிக்கிழமைக்குள், வெள்ளிக்கிழமை வரை. இந்த இரண்டையும் எந்தத் தமிழரும் மாற்றிச் சொல்லமாட்டார். ஆனால் ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் 'அண்டில்' என்ற ஒன்றே இரண்டுக்கும் வந்துவிடுகிறது. வெள்ளிக்குள் சரக்கு அனுப்புவோம் என்பதற்கு 'பை' வர வேண்டும். 'அண்டில்' போட்டால் வெள்ளி வரை தினமும் அனுப்பிக்கொண்டே இருப்போம் என்றாகும். அனுப்பும் தேதி உள்ள எந்தக் கடிதத்தையும் மனத்துக்குள் ஒரு முறை தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டே கையெழுத்துக்கு வைப்பேன்.

தொழிலுக்குள் நுழைந்ததும் பொருள் மாறும் சொற்களும் உண்டு. தரகரிடமிருந்து வரும் சுவைப்பு அறிக்கையில் 'லிக்கர்' நன்றாக இருக்கிறது என்று எழுதியிருப்பார்கள். கோப்பையில் வடித்த தேநீருக்கே அந்தப் பெயர்; வடித்த பிறகு மிஞ்சும் ஈர இலை 'இன்ஃபியூஷன்'. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் அறிக்கையைப் படித்துவிட்டு, "சார், தரகர் ஆபீஸில் காலையிலேயே ஆரம்பிச்சிடுவாங்களா?" என்று தணிந்த குரலில் கேட்டான்.

நான் ஓய்வு பெற்றபோது அந்த நோட்டை என் இடத்துக்கு வந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்தேன். பக்கத்து ஹட்டியை, அதாவது படுகர் ஊரை, சேர்ந்தவர். என்னைவிட நல்ல ஆங்கிலம். சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தார். புதிய உலர்த்தும் எந்திரத்தின் கையேட்டில், தொடங்கும் முன் 'டிராஃப்ட்' சரியாக இருக்கிறதா என்று பார்க்கும்படி போட்டிருக்கிறது, எந்திரம் அனுப்பியவர்களுக்கு வங்கி டிராஃப்ட் ஏதும் பாக்கி இருக்கிறதா என்று கணக்கில் தேடிக்கொண்டிருக்கிறேன் சார் என்றார். எனக்கும் உடனே விளங்கவில்லை. எழுத்துகளைச் சொல்லச் சொன்னேன். எஃப், டி என்று முடிந்தது. கடிதத்தின் முன்வரைவுக்கும் வங்கி வரைவுக்கும் அந்த எழுத்துதான். எந்திரத்துக்குள் செல்லும் காற்றோட்டத்துக்கு நாங்கள் பழகிய பிரிட்டிஷ் முறையில் ஜி, எச் சேர்ந்த வேறு எழுத்து, ஒலி மட்டும் ஒன்று. அமெரிக்க முறையில் எல்லாவற்றுக்கும் எஃப், டி-தான் என்பது பிறகே நினைவுக்கு வந்தது. கையேடு அமெரிக்க எழுத்துமுறையில் அச்சானது. கணக்கை மூடிவிட்டு விசிறியைப் பார்க்கச் சொன்னேன். நோட்டில் இன்னும் நாலு பக்கம் காலியாக இருக்கிறதாம், அதில் எழுதிக்கொள்வதாகச் சொன்னார்.