பக்கத்து வீட்டு கிளாக்கும் அப்பாவின் பட் நம்பரும்

“உங்கள் அப்பா ரிட்டயர் ஆனபோது தன் துப்பாக்கியை எவ்வளவுக்கு வாங்கினார்?” என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் ஏனோ சுருக்கென்றது.

அவர் போலீஸ்காரர். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஆஸ்டினுக்கு வடக்கே எங்கள் குடியிருப்பில் வேலிக்கு அந்தப் பக்கம் அவர் வீடு. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது. அன்று அவர் வீட்டுக் கொல்லையில் இறைச்சி வெந்துகொண்டிருக்க, கூட வேலை பார்ப்பவர்கள் நாலைந்து பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பழைய துப்பாக்கியை வாங்குவதா விடுவதா என்று சாயங்காலம் முழுக்க வாதாடினார்கள். என் அப்பா தமிழ்நாட்டுப் போலீஸில் ஏட்டாக இருந்தவர் என்று அவருக்கு முன்பே சொல்லியிருந்தேன். அதனால்தான் கேள்வி என் பக்கம் திரும்பியது.

விஷயம் இதுதான். இவர்களுக்குப் புதுத் துப்பாக்கி வரப்போகிறது. இத்தனை வருடம் இடுப்பில் இருந்தது கிளாக் 22 என்ற கைத்துப்பாக்கி, .40 ரகத் தோட்டா (சுமார் 10 எம்.எம். குறுக்களவு) போடுவது. 1986-இல் மயாமியில் நடந்த சண்டையில் எஃப்பிஐ அதிகாரிகள் இருவர் இறந்த பிறகு ‘9 எம்.எம். போதாது’ என்று ஒரு பேச்சு கிளம்பி, அதன் தொடர்ச்சியாக 1990-இல் இந்த .40 வந்தது. நாடு முழுக்கப் போலீஸ் துறைகள் அதற்கு மாறின. பிறகு தோட்டாவின் தரம் கூடிவிட்டது, உதைப்பும் குறைவு என்று 2010-களின் நடுவில் எஃப்பிஐயே 9 எம்.எம்.முக்குத் திரும்பியது. பின்னாலேயே மற்றவர்களும். இப்போது மேலே சிவப்புப் புள்ளி தெரியும் குறிக் கண்ணாடி பொருத்துகிற வசதியும் வேண்டும் என்கிறார்கள். பழைய துப்பாக்கிகளைப் பல ஊர்களில் மொத்தமாக வியாபாரியிடம் கொடுத்து, புதியவற்றின் விலையில் கழித்துக்கொள்கிறார்கள். நம் ஊர் பொங்கல் எக்ஸ்சேஞ்ச் மேளாவேதான், டிவிக்குப் பதில் கைத்துப்பாக்கி. வியாபாரி கைக்குப் போகுமுன், சுமந்தவருக்கு முதல் உரிமை: வேண்டுமென்றால் முந்நூறு நானூறு டாலர் கட்டி எடுத்துக்கொள்ளலாம்.

வாதத்தைக் கேட்க எனக்கு நல்ல பொழுதுபோக்கு. ஓர் இளைஞர், “அது ஒரு சாமான், அவ்வளவுதான். ஸ்க்ரூடிரைவரை யாராவது ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்வார்களா?” என்றார். இன்னொருவர் வாங்கி லாபத்துக்கு விற்கலாமே என்று ஆரம்பிக்க, மற்றவர்கள் முறைத்ததில் அடங்கிவிட்டார். பெரியவர் ஒருவர், “சுமந்தது அதிகம், சுட்டது குறைவு. இந்த மாதிரி நல்ல துப்பாக்கி கடையில் கிடைக்காது” என்றார். அது உண்மைதான் போல. உறைக்குள் போய்வந்து போய்வந்து, ஸ்லைடு என்கிற மேல்பகுதியின் ஓரங்களில் கறுப்புத் தேய்ந்து வெள்ளி தெரிகிறது. உள்ளே அவ்வளவு தேய்மானம் இல்லை. பியூ ஆய்வு மையம் 2017-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், அமெரிக்கப் போலீஸ் அதிகாரிகளில் பயிற்சிக்கு வெளியே பணியில் ஒருமுறையாவது சுட்டிருக்கிறேன் என்றவர்கள் 27 சதவீதம்தான். எங்கள் பக்கத்து வீட்டுக்காரரும் மீதி 73-இல் ஒருவர். அமெரிக்கப் போலீஸ் என்றால் சினிமாவில் பார்த்த நமக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்.

அவருக்கு வாங்க ஆசை. அவர் மனைவிக்கு இல்லை. வீட்டில் ஏற்கெனவே மூன்று இருக்கிறது, பேரப்பிள்ளைகள் வந்து போகிற வீடு, இன்னொன்று எதற்கு என்பது அவர் கட்சி. “நான் வாங்காவிட்டால் அது எங்கே போகும் தெரியுமா?” என்று இவர் திருப்பிக் கேட்டார். அது நியாயமான கேள்வி. தி ட்ரேஸ், சிபிஎஸ் என்ற செய்தி நிறுவனங்களும் இன்னும் சிலரும் சேர்ந்து 2024-இல் வெளியிட்ட விசாரணையின்படி, 2006-இலிருந்து குற்றங்களோடு தொடர்புபட்டுச் சிக்கியவற்றில் 52,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் ஒரு காலத்தில் போலீஸுடையவை. திருடுபோனவையும் தொலைந்தவையும் அதில் உண்டு. ஆனால் இப்படி எக்ஸ்சேஞ்சில் போய் கடை ஏறியவையும் ஏராளம். இதற்காகவே விற்காமல் அழித்துவிடுகிற ஊர்களும் இருக்கின்றன. சட்டமும் ஒரு சிக்கல் வைத்திருக்கிறது. டெக்சஸில் நற்பெயரோடு ஓய்வு பெறுகிற அதிகாரி, தனக்குத் தரப்பட்டிருந்த துப்பாக்கிகளில் ஒன்றை, ஒன்றே ஒன்றை, துறையிடமிருந்து விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். அதற்குள் புதியதும் அவர் கைக்கு வந்திருக்கும். பழகிய கிழடா, பழகாத புதியதா என்று மனிதர் திண்டாடுகிறார்.

இதற்கு நடுவில்தான் அந்தக் கேள்வி. எவ்வளவுக்கு வாங்கினார்!

அப்பாவுக்கு இருந்தது த்ரீ நாட் த்ரீ ரைஃபிள். ‘இருந்தது’ என்பதே அதிகம். பாளையங்கோட்டை ஆயுதப்படையில் அவர் இருந்த காலத்தில், கார்டு டியூட்டிக்குப் போகும்போது பெல் ஆஃப் ஆர்ம்ஸ் என்கிற ஆயுத அறையில் கையெழுத்துப் போட்டு வாங்குவார், முடிந்ததும் எண்ணெய் துணியால் துடைத்து, கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுப்பார். வீட்டுக்கு அது வந்ததே இல்லை. வீட்டுக்கு வந்ததெல்லாம் அதன் பட் நம்பர் மட்டும்தான். கட்டையில் பொறித்த அந்த எண் அவருக்கு எங்கள் பிறந்த தேதிகளைவிட நன்றாக ஞாபகம் இருந்தது. 2003-இல் லாட்டரி ஒழிகிறவரை, சீட்டு வாங்கும்போது கடைசி எண்கள் அதோடு பொருந்துகிறதா என்று பார்த்துத்தான் வாங்குவார். ஒன்றும் விழுந்ததில்லை.

ஆயுத பூஜை அன்று எங்களையும் அழைத்துப் போவார். துப்பாக்கிகளை வரிசையாக நிறுத்தி, சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரி கடலையோடு பூஜை நடக்கும். அப்பா தன்னுடையதைத் தேடிக் கண்டுபிடித்து, கூட்டத்தில் சொந்தக்காரரைக் காட்டுகிற தோரணையில் எங்களுக்குக் காட்டுவார். தொடக்கூடாது.

பயிற்சியில் சுட்ட காலித் தோட்டாவைக்கூட எண்ணித் திருப்பித் தரவேண்டும். ஒருமுறை ஒன்று குறைந்துவிட்டது. அதிகாரிமுதல் புதுப் போலீஸ்வரை அத்தனை பேரும் பொட்டல் காட்டில் குனிந்து முள்ளுக்குள் தேடி, இருட்டுகிற நேரத்தில் ஒருவரின் பூட்ஸ் மடிப்பில் கண்டெடுத்தார்களாம். அந்தக் கதையை அப்பா எத்தனை முறை சொன்னாலும் அம்மா முதல்முறை கேட்பதுபோலச் சிரிப்பாள்.

ஓய்வு பெற்ற அன்று பெல்ட்டும் லத்தியும் தொப்பி வில்லையும் போயின. பாக்கி ஏதும் இல்லை என்று ஒரு தாள் வந்தது. சால்வை, மாலை, ஒரு சுவர்க் கடிகாரம். அதுவும் சீக்கிரமே நின்றுவிட்டது. நிலைத்தது போலீஸ் கேன்டீன் அட்டை ஒன்றுதான். என் கல்யாணத்துக்கு மிக்சியும் குக்கரும் அதில்தான் வாங்கினார், சலுகை விலையை மாமனாரிடம் மூன்று தடவை சொல்லிக் காட்டினார்.

இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே 21 வயதானவர்கள் பெரும்பாலும் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாடலாம். வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவரின் இடுப்பைப் பார்த்து இப்போதெல்லாம் நான் திடுக்கிடுவதில்லை. கடை வாசல்களில் 30.06, 30.07 என்று போட்டிருப்பது, துப்பாக்கியோடு உள்ளே வராதே என்பதற்கான சட்டப் பிரிவு எண்கள். வந்த புதிதில் என் மனைவி அதைத் தேதி என்று எண்ணி, ஜூன் 30-க்குக் கடை லீவு என்று முன்கூட்டியே பருப்பு வாங்கிவைத்தாள். இப்போது அவளும் தேறிவிட்டாள். ஆனாலும், எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பண்ணையார் தேர்தல் வந்தால் தன் லைசென்ஸ் துப்பாக்கியை வேட்டித் துணியில் சுற்றி, மணமகளை அனுப்புகிற முகத்தோடு ஸ்டேஷனில் ஒப்படைக்க வருவாரே, அவர்தான் எனக்கு இங்கே ஒவ்வொரு நவம்பரிலும் நினைவுக்கு வருகிறார். இங்கே தேர்தலுக்கு யாரும் எதையும் ஒப்படைப்பதில்லை.

அந்தக் கேள்வியை விட்டுவிட முடியவில்லை. அத்தனை வருடம் தோளில் சுமந்தவருக்கு ஒரு கட்டைத் துண்டுகூடக் கிடைக்கவில்லையே என்று எனக்குள் ஒரு புகைச்சல். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பணம் கட்டினால் கிடைக்கிறது, அதையும் வேண்டுமா வேண்டாமா என்று யோசிக்கிற வசதி இருக்கிறது. வீட்டில் துப்பாக்கி இருக்கவேண்டும் என்பதல்ல என் ஆசை. அப்பாவிடம் ‘உனக்கு வேண்டுமா?’ என்று யாராவது கேட்டிருக்கலாம் என்பதுதான்.

வீடியோ காலில் அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு என் புகைச்சல் துளியும் புரியவில்லை.

“என்னலே சொல்லுத? கவர்மென்டு சாமான விக்கானுவளா? ஆடிட்டு வராதா?”

வரும், வியாபாரி வழியாக வாங்கினால் 4473 என்று ஓர் அரசாங்கப் பாரம் நிரப்பவேண்டும், எல்லாம் சட்டப்படிதான் என்றேன்.

“தெனமும் இடுப்புல கட்டிட்டுப் போனவனுக்குப் பாரமா?” என்று சிரித்தார். பிறகு, தான் ஒரு பாக்கியும் வைக்காமல் வந்ததை மறுபடி ஒருமுறை சொன்னார். அந்தத் தாள் எங்கே இருக்கிறது, எந்த ஃபைலில், எந்தப் பீரோவில் என்பதுவரை. எனக்குக் குறையாகப் பட்டதெல்லாம் அவருக்குப் பதக்கம்.

இப்போது அழைக்கும்போதெல்லாம் முதல் விசாரணை அதுதான்: “அந்தாளு வாங்கினானா?” இன்னும் முடிவு செய்யவில்லை, மனைவி பழைய மூன்றில் ஒன்றை விற்றால் சரி என்று இறங்கி வந்திருக்கிறார் என்றேன். குறிமுள்ளில் டிரிட்டியம் என்று ஒன்று இருட்டில் மினுங்குமாம், 12 வருடத்தில் அதன் வெளிச்சம் பாதியாகிவிடுமாம், இவருடையதில் கிட்டத்தட்ட அணைந்தேவிட்டதாம் என்றும் சொன்னேன்.

“அப்படியா?” என்று அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “பொறவு என்ன முழு வெல? கண்ணு போன சாமானுக்கு அம்பது டாலரு கொறைக்கச் சொல்லுலே.”