அவருடைய பாஸ்போர்ட் யாரிடம்?

நாலு பேர் சேர்ந்து நடத்தும் சின்னத் தோட்டப் பராமரிப்புத் தொழில் எங்களுடையது. கொத்தடிமைத்தனமெல்லாம் நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்றே இருந்தேன். போன மாதம் ஏஜென்ட் ஒருவர் வேலி வெட்ட ஆள் அனுப்பினார். மழையில் ஷூவின் அடி பிளந்து, அந்த மனிதரின் கால்விரல்கள் ஊறி வெளுத்திருந்தன. பெயர் கேட்டாலும் கூட வந்தவர்தான் பதில் சொன்னார். சம்பளம் யார் கணக்குக்கு என்றால், "என் கணக்குக்கே போடுங்க" என்கிறார்!

தனியாக இருந்தபோது மெதுவாகக் கேட்டேன், "அண்ணா, உங்க பாஸ்போர்ட் யார்கிட்ட இருக்கு?" அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்புக்கு 11 அறிகுறிகள் சொல்கிறது. ஆவணங்களைப் பிடுங்கிவைப்பது, சம்பளத்தை நிறுத்துவது, கடனில் கட்டிப்போடுவது எல்லாம் அதில் உண்டு. 2021 மதிப்பீட்டில் உலகெங்கும் 2.76 கோடிப் பேர் இந்த நிலையில் இருந்தார்கள்.

இப்போது எங்களிடம் சம்பளம் அவரவர் கணக்கில்தான். ஒப்பந்தம் அவருக்குப் புரிகிற மொழியில். வேலை வாங்கிக் கொடுத்த கமிஷன் எங்கள் செலவு, தொழிலாளி தலையில் ஏற்ற மாட்டோம். ஊரில் யாருக்கும் கட்டுப்படியாகாத குறைந்த கூலிக்கு ஆள் தருகிறேன் என்று ஏஜென்ட் சொன்னால் வேண்டாம். தரைக்குப் பதிக்கும் கல்லுக்குப் பின்னாலும் கட்டாய உழைப்பு இருக்கலாம் என்பதால், அது எந்தக் குவாரியிலிருந்து வந்தது என்றும் கேட்கிறோம்.

சந்தேகம் வந்தால் ஏஜென்டிடம் நேரே சண்டைக்குப் போகாதீர்கள், அடி அந்தத் தொழிலாளிக்குத்தான் விழும். நான் கட்டாய உழைப்பு பற்றிப் புகார் சொல்லும் உதவி எண்ணுக்கு அழைத்து, பார்த்ததை மட்டும் சொன்னேன்.