சலூன் சுவரில் இருந்த வெள்ளைக்காரர்

அப்பாவின் சலூன் நெல்லை ஜங்ஷனில், கைலாசபுரம் பக்கம் ஒரு சந்தில் இருந்தது. இரண்டு நாற்காலி, எதிரெதிராக இரண்டு கண்ணாடி. ஒரு கண்ணாடிக்கு மேலே முருகன். இன்னொன்றுக்கு மேலே தேக்குச் சட்டம் போட்ட ஒரு வெள்ளைக்கார வாலிபன், கழுத்தில் வெள்ளைத் துணி சுற்றி, நேராக நம்மையே பார்த்தபடி. பாளையங்கோட்டையில் ஒரு வாத்தியாருக்கு அப்பா வீட்டுக்கே போய்ச் சவரம் செய்வார். அவர் வீட்டைக் காலி செய்தபோது கொடுத்த படம். பெயரைச் சொல்லித்தான் கொடுத்திருப்பார். அப்பாவுக்கு நினைவில் நிற்கவில்லை.

கடைக்கு வருகிறவர்களுக்கு அது ஒரு பொழுதுபோக்கு. பாதிரியார் கால்டுவெல் ஐயர் என்பார் ஒரு அண்ணாச்சி. இல்லை, இன்னொரு பாதிரியார், ரேனியஸ் ஐயர் என்பார் அடுத்தவர். நான் ஷேக்ஸ்பியர் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்பா ஆளைப் பற்றிப் பேசவே மாட்டார். "முடியப் பாருல. ரெண்டு பக்கமும் எப்படி இறக்கி விட்டிருக்கான்! வெட்டுனவன் தொழில் தெரிஞ்சவன்."

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி ஜங்ஷனுக்குள் வந்தபோது கடையில் நெஞ்சளவு தண்ணீர். நாற்காலிகள் போயின. "போதும்ல" என்று அப்பா சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். முருகன் எங்கள் பூஜை அறைக்கு வந்தார், வெள்ளைக்காரர் பரணுக்குப் போனார்.

போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது சட்டம் கையோடு கழன்று வந்தது. டவுணில், ரத வீதிப் பக்கம் ஒரு பிரேம் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் பின்பலகை ஆணிகளைக் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். உள்ளே பழுப்பேறிய செய்தித்தாள், ராமபாணப் பூச்சி அரித்த தூள். படத்தைச் சுற்றியிருந்த மவுண்ட் அட்டை ஈரத்தில் உப்பிப்போயிருந்தது. பிளேடு நுனியை விட்டு மெல்ல நெம்பினார். அட்டை கழன்றதும், இத்தனை வருஷமாக அதற்கடியில் இருந்த வெள்ளை ஓரத்தில் பொடி எழுத்தில் பெயர். ஜே.எம்.டபிள்யூ. டர்னர். சுய உருவப் படம்.

கடலையும் புயலையும் வரைந்து பேர் வாங்கிய ஆங்கில ஓவியர். எங்கள் வெள்ளத்தில் தப்பித்தது ஆச்சரியமில்லை. 1799 வாக்கில், இருபத்து நாலு வயதில், தன்னைத்தானே வரைந்துகொண்டது இது. அசல் லண்டனில் டேட் பிரிட்டன் ஓவியக்கூடத்தில் இருக்கிறது. 2020இல் வந்த இருபது பவுண்டு நோட்டிலும் இதே முகம்தான். கடைக்கு வெளியே நின்று போனில் இதையெல்லாம் படித்துக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். பிறந்தது 1775, லண்டன் கோவென்ட் கார்டனில். அவருடைய அப்பாவுக்கு முடி திருத்தும் தொழில், விக் செய்வதும் உண்டு. பையன் வரைந்த படங்களைக் கடை ஜன்னலில் மாட்டிச் சில ஷில்லிங்குக்கு விற்றிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். ஷேக்ஸ்பியர் இல்லை என்பதில் அவருக்குப் பெரிய வருத்தம் இல்லை.

"அவுக அப்பா கடை நல்லா ஓடுச்சா?"

1795இல் முடிக்குப் போடும் பவுடருக்கு வருஷத்துக்கு ஒரு கினி (அந்தக் காலத்துத் தங்க நாணயம்) என்று அரசாங்கம் வரி போட்டதையும், விக் மோகமே குறைந்துபோனதையும் சொன்னேன்.

"முடிக்குப் போடுற பவுடருக்கு வரியா!" என்று ரொம்ப நேரம் சிரித்தார். அப்புறம், "கடைசியில என்ன ஆனாரு?"

"மகன்கூடவே இருந்துட்டாரு. படம் வரையுற துணிய இழுத்துச் சட்டத்துல அடிச்சுக் குடுக்கது, முடிஞ்சதும் வார்னிஷ் பூசுறது எல்லாம் அவருதான். 'என் படத்த ஆரம்பிக்கதும் எங்க அப்பா, முடிக்கதும் எங்க அப்பா'ன்னு மகன் வேடிக்கையாச் சொல்லுவாராம். 1829ல சாவுற வரைக்கும் அங்கதான்."

"சும்மா இருக்க முடியாதுல்லா" என்றார். ஞாயிறுதோறும் என் மகனைத் திண்ணையில் உட்காரவைத்து முடி வெட்டுகிறவர் அவர். தெருப் பையன்கள் இரண்டு மூன்று பேரும் சேர்ந்துகொள்வார்கள்.

புதுச் சட்டத்தில் பெயர் தெரிகிற மாதிரி மவுண்ட் வைக்கச் சொல்லியிருந்தேன். வந்ததும் எங்கே மாட்டலாம் என்று கேட்டதற்கு அப்பா படத்தைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துப் பார்த்தார்.

"இந்த முடிய அவுக அப்பாதான் வெட்டியிருப்பாரு, என்ன?"

அது எங்கும் எழுதியிருக்கவில்லை. இருந்தாலும் "ஆமாப்பா" என்றேன்.