இரண்டு வரித் திருத்தம்: சுங்கை சிப்புட் பராமரிப்பு நாட்குறிப்பு

3 நவம்பர் 2025

யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியீட்டு முறையான திஸ்கியில் உள்ள பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் எங்கள் நிரலுக்கு இரண்டே வரியில் ஒரு திருத்தம் வந்திருக்கிறது. கொம்பும் ளகரமுமாகத் தட்டிய ‘கெளரவம்’ அதில் ‘கௌரவம்’ ஆகிறது. நோக்கம் நல்லது. ஆனால் கொம்பெழுத்தை அடுத்த எந்த ளகரத்தையும் விழுங்கிவிடுகிறது. ‘வெள்ளி’ என்பது ‘வௌ்ளி’ ஆகும். மலேசியாவில் ரிங்கிட்டை வெள்ளி என்போம்; கோயில் கணக்கு முழுக்க வெள்ளிதான். ஒரு பக்கமும் தேறாது.

4 நவம்பர்

முதல் காப்பு: ளகரத்தின் மேல் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் தொடக்கூடாது. வெள்ளி, வெளியீடு, வெளுப்பு மூன்றும் தப்பின.

அடுத்து தோட்டத்துச் சிறுகதைகளை ஓட்டியதில் ‘வெளக்கு’, ‘வெளங்கல’ கெட்டன. பேச்சுத்தமிழில் கொம்பெழுத்துக்குப் பின் வெறும் ளகரம் தாராளமாக வரும். விதி போட்டுப் பிரிக்க முடியாது, சொற்பட்டியல்தான் வழி. கௌரவ, சௌக்கிய, பௌர்ணமி, மௌன, வௌவால என்று சொல்லின் தலைப்பகுதியை மட்டும் ஒப்பிட வேண்டும்; வேற்றுமை உருபு எதுவானாலும் பிறகு ஒட்டிக்கொள்ளும். மாறவேண்டிய சொல்லுக்கும் மாறக்கூடாத சொல்லுக்கும் தனித்தனிச் சோதனை.

திருத்தத்தை எழுதப் பத்து நிமிடம் போதும். சரிபார்க்க இரண்டு மாலை போனது. எவரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறமூல நிரலின் உண்மையான செலவு இந்த மாலைகளில்தான் இருக்கிறது.

8 நவம்பர்

நம் நிரல் எழுதப்பட்ட பைதான் மொழியின் 3.9 பதிப்புக்கு ஆதரவு அக்டோபரோடு முடிந்தது, 3.14 வந்துவிட்டது. ஆண்டுக்கொன்று பிறக்கிறது, ஐந்தாண்டில் ஓய்கிறது. ஆகவே ஒரு வரிகூட மாறாத நிரலுக்கும் ஆண்டுதோறும் வேலை உண்டு. வெட்டுக்கு வராத கித்தா (ரப்பர்) மரத்துக்கும் களையெடுக்கத்தானே வேண்டும்.

பைதான் நிரல்களை வெளியிடும் பொதுக் களஞ்சியம் பைபிஐ. அதில் வெளியிடும் முன் சோதனைப் பைபிஐயில் ஏற்றிப் பார்ப்பது கட்டாயம். ஏற்றிய கோப்பை நீக்கினாலும் அதே பெயரில் மறுபடி ஏற்ற முடியாது. பிழை தெரிந்தால் அந்தப் பதிப்பை ‘யாங்க்’ செய்து (விலக்கி வைத்து) அடுத்த எண்ணுக்குப் போகவேண்டும். அதே எண்ணைக் குறித்து வைத்தவர்களுக்கு அது தொடர்ந்து கிடைக்கும், புதியவர்களுக்குப் போகாது.

9 நவம்பர்

2014இல் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிப்பட்டபோது, இணையத் தொடர்பை மறையாக்கிக் காக்க உலகமே நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலுக்கு ஆண்டு நன்கொடை ஏறத்தாழ 2000 டாலர். 2024இல் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரலில் களைத்துப்போன ஒற்றைப் பராமரிப்பாளருக்கு உதவ வந்தவராலேயே 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் (திருட்டுத்தனமாக உள்ளே நுழையும் வழி) நுழைந்தது. கைகொடுப்பவர்கள் தேவை. ஆனாலும் வெளியீட்டு உரிமையைக் களைப்பில் தூக்கிக் கொடுக்கக்கூடாது.

பணத்துக்கு, நன்கொடைப் பொத்தானைவிட விலைக்குறிப்பு மேல். ‘ஆண்டுப் பராமரிப்பு: பைதான் மாற்றம், பிழைத்திருத்தம், இரண்டு வெளியீடு, இத்தனை மணி நேரம்’ என்று எழுதி இன்வாய்ஸ் தந்தால், கோயில் பொருளாளருக்குக் கணக்கில் வைக்க ஒரு தலைப்பு கிடைக்கும்.

10 நவம்பர்

திருத்தம் அனுப்பியவருக்குப் பதில்: “சொற்பட்டியலோடு சேர்த்துக்கொண்டோம், உங்கள் பெயரிலேயே பதிவாகிறது. ‘வெளக்கு’ சோதனையையும் ஒருமுறை உங்கள் கணினியில் ஓட்டிப் பாருங்கள்.”